தார்ப்பாய் விஷயமாக வருங்காலச் சம்பந்திக்கு

சேசு மரி சூசை துணை
ஏலாக்குறிச்சி

மதிப்பிற்குரிய செபஸ்டின் அவர்களுக்கு, சம்பந்தி ஆகிவிடுவோம் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும் மிக்கேல் எழுதிக்கொள்வது. அடைக்கல மாதா கருணையால் நானும் லீலா மேரியும் மகள் சகாய பிரியாவும் சுகம். வரதராஜன்பேட்டையில் தாங்களும், மாப்பிள்ளையும், தங்கள் லாரிகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம்.

நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைக்கலாம் என்று தாங்கள் சொல்லி அனுப்பியதிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எல்லாம் அந்த இங்கிலீஷ் பேப்பரால் வந்த வினை. நடந்தது இவ்வளவுதான். கடைத்தெருவில் ஒரு நிருபர் தம்பி, சுண்ணாம்புக்கல் லாரிகளைப் பற்றிக் கேட்டார். "தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டுப் போனா நல்லாயிருக்கும் தம்பி, காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளையாயிடுது. பாவம், அவங்களுக்கும் என்ன கஷ்டமோ" என்றேன். டீக்கும் நானே காசு கொடுத்தேன். மறுநாள் பார்த்தால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் லாரி முதலாளிகளை 'ஸ்லாம்' செய்தாராம்! கொட்டை எழுத்தில் தலைப்பு. என் 'பாவம்' எங்கே போயிற்றென்று தேடினேன், கடைசி வரி வரை காணோம்.

பிரியாதான் விளக்கினாள். "காரசாரமா தாக்கிப் பேசுறதுப்பா. பேப்பர்ல யார் வாயத் தொறந்தாலும் அதான் போடுவாங்க." உண்மைதான். அதே பக்கத்தில் ஒரு சங்கத் தலைவர் இன்னொரு சங்கத் தலைவரை ஸ்லாம் செய்கிறார், அவர் இவரைத் திருப்பி ஸ்லாம் செய்கிறார், கீழே கடலோரத்தைப் புயல் ஸ்லாம் செய்கிறது. இவர்களோடு நானும் வரிசையில் நிற்கிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு அந்த வாயே கிடையாது என்பதுதான் லீலா மேரியின் நெடுநாள் குறை.

ஊரில் தலைகாட்ட முடியவில்லை. பால்காரர் பூமாலை, நான் கேட்காமலே, பாலில் தண்ணீர் கலப்பதை நிறுத்திவிட்டார். எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வாசலில் வந்து, "சார், எம் மருமவள ஒரு தடவ ஸ்லாம் பண்ணிட்டுப் போங்களேன்" என்கிறார். பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் தனியே அழைத்து, "மிக்கேல், பிரசங்கம் நீளமா இருந்தா எங்கிட்டயே சொல்லிடுங்க, பேப்பருக்குப் போக வேணாம்" என்றார். அவர் பிரசங்கத்தில் முக்கால்வாசி நேரம் நான் தூங்குகிறவன், நீளம் எனக்கெப்படித் தெரியும்?

சம்பந்தி அவர்களே, தங்களை மனதில் வைத்து நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிரம்பைக் கையில் எடுத்தால் எனக்கே கை நடுங்கும் என்று என்னிடம் படித்த பிள்ளைகளெல்லாம் சாட்சி சொல்வார்கள். அந்த ஒரு வினைச்சொல்லுக்காக என் மகள் வாழ்க்கையை நிறுத்திவிடாதீர்கள். அவள் எங்களிடம் சிரிக்கிறாள், அடுப்படியில் அழுகிறாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை. தார்ப்பாய் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, எனக்கு அதைப் பற்றிக் கருத்தே கிடையாது.

தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் தோத்திரம். மாப்பிள்ளைக்கு மாதாவின் ஆசீர் நிறைவாய்க் கிடைக்கட்டும்.

தங்கள் பணிவுள்ள,
ச. மிக்கேல்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கிளம்பினேன். பிரியாவின் நிச்சயதார்த்தப் பட்டுச்சேலையை லீலா மேரி வாசல் கொடியில் காற்றாடப் போட்டிருந்தாள். தங்கள் லாரி, முன்னால் தங்கள் பெயரே எழுதியிருக்கிறது, தார்ப்பாய் இல்லாமல் போயிற்று. மாம்பழ நிறச் சேலை இப்போது வெள்ளைப்பூண்டு நிறம். இந்தக் காகிதத்தில் தாங்கள் தட்டிவிடும் பொடியும் அதுதான். ஓடிப்போய் லாரியை மறித்து நடுரோட்டில் நின்று நான் பேசியதைத் தங்கள் டிரைவர் இதற்குள் சொல்லியிருப்பார். சொல்லக் கூசி எதையாவது விட்டிருந்தால், நேரில் வந்து நானே சொல்கிறேன். சம்பந்தம் தங்கள் இஷ்டம், தார்ப்பாய் என் இஷ்டம். பிரியா வாசற்படியில் நின்று கைதட்டினாள். நிருபர் தம்பியும் டீக்கடையில்தான் இருந்தார். நாளைய பேப்பரை அவசியம் வாங்கிப் பாருங்கள். இந்த முறை அவர் ஒன்றும் கூட்டி எழுத வேண்டியிருக்காது.