சனிக்கிழமைக்குள் விரிய வேண்டிய பவளம்

“இன்னும் கொஞ்சம் கீழ... அங்க இல்லங்க! வலது பக்கம்!”

“எந்த வலது? உன் வலதா, என் வலதா?”

“பவளத்தோட வலது!”

சேக் தாவூது தோள்வரை உப்புநீரில் கையை விட்டு, கன்னத்தைத் தொட்டியின் விளிம்பில் அழுத்தியவாறு நின்றார். அவர் மனைவி ரபியாவின் கை அத்தொட்டியின் பாதி ஆழத்தைக்கூட எட்டாது. ஆகவே, ஆணையிடுவது ரபியாவின் உரிமை என்றும், கையை நனைப்பது கணவரின் கடமை என்றும் சிங்கப்பூரின் மார்சிலிங் வட்டாரத்தில் இருந்த அந்த வீட்டில் வேலை பிரிக்கப்பட்டிருந்தது.

சிக்கல் சிறியதுதான். கடையில் பொன்னிற நுனி கொண்ட விரல்களை ஒய்யாரமாக அசைத்துக்கொண்டிருந்த உயிருள்ள பவளம், வீட்டிற்கு வந்ததும் அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் பேச மறுக்கும் மாப்பிள்ளையைப் போல உம்மென்று உட்கார்ந்திருந்தது.

சிக்கல் சிறியதாயினும் பந்தயம் பெரியது. பெருநாள் விருந்தில், உறவினர் அனைவரும் கேட்கும்படி தாவூது தம் ஆசையை வெளியிட்டிருந்தார். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் நாளெல்லாம் நின்று களைத்த உடம்புக்கு ஒரு மசாஜ் நாற்காலி வேண்டும். அது தொட்டி இருக்கும் இடத்தில்தான் பொருந்தும்.

“கடல்ல இருக்க வேண்டியத ஹால்ல வச்சா எப்படிப் பொழைக்கும்?” என்று அவர் தங்கை முனீராவும் ஒத்து ஊதினார்.

ரபியா பிரியாணிக் கரண்டியைக் கீழே வைத்தார். “வர்ற சனிக்கிழமை எல்லாரும் வாங்க. பவளம் விரிஞ்சு ஆடும். ஆடலன்னா தொட்டியக் கடைக்கே திருப்பிக் குடுத்துடுறேன். நாற்காலி வரட்டும்!”

சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கும் வழக்கம் ரபியாவுக்கு இல்லை. பவளம் விற்ற நசீரைத் தொலைபேசியில் பிடித்தார். நசீருக்கு வாடிக்கையாளர் பெண்ணானால் ‘லாத்தா’ என்னும் அக்கா, ஆணானால் ‘நானா’ என்னும் அண்ணன்.

“லைட் ஜாஸ்தியா இருக்கும், லாத்தா. கொஞ்சம் கீழ இறக்கி வைங்க.”

இறக்கி வைத்தனர். தாவூது தோளைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் அறைக்குள் சென்று, தேக்கா கடைத்தெருவில் வாங்கிய வலித் தைலத்தைத் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு திரும்பினார்.

“இந்தத் தைல நாடகமெல்லாம் நாற்காலிக்குத்தானே?” என்றார் ரபியா.

“நாடகமா? கை தூக்க முடியல, ரபியா!”

“தூக்க வேணாம். கீழதான விடணும்?”

மறுநாள் பவளம் மேலும் சுருங்கியது.

“அப்போ பம்ப் தண்ணிய நேரா அது மேல அடிக்குது லா,” என்றார் நசீர், பேச்சின் வாலில் ஒட்டும் சிங்கப்பூர் ‘லா’வுடன். “பாறைக்குப் பின்னாடி மாத்துங்க.”

பாறைகளை நகர்த்தியதில் தாவூதின் தோளோடு முழங்கையும் வலித்தது. தைலம் இரண்டு கைக்கும் ஆனது. பவளமோ கல்லைப் போலாயிற்று.

“பக்கத்துல இருக்கிற வேற பவளம் ராத்திரியில கொட்டுதோ என்னமோ,” என்றார் நசீர் அதற்கடுத்த நாள். “ ஒரு சாண் தள்ளி வைங்க. தண்ணியும் கொஞ்சம் மாத்திடுங்க.”

தள்ளி வைத்தனர். தாவூது வாளி வாளியாக உப்புநீர் சுமந்தார். அதுவரை ஒரு வேளை மட்டும் தேய்த்த தைலம், மூன்று வேளை மருந்தாயிற்று. வீடு முழுவதும் மணம் கமழ்ந்தது. நாளடைவில் ரபியாவின் மூக்குக்கு அது தெரியாமலே போய்விட்டது.

ஆனால் கண்ணுக்கு ஓர் உண்மை தெரிந்தது. கணவரின் கை நீருக்குள் இறங்கும்போதெல்லாம் பவளம் சுருங்கியது.

“வேணும்னே ஏதோ பண்றீங்க!”

“அல்லா மேல ஆணையா ஒண்ணும் பண்ணல! நீ சொன்ன இடத்துலதான வைக்கிறேன்?”

“அப்போ ஏன் உங்களப் பாத்தா மட்டும் அதுக்கு இவ்வளவு வெறுப்பு?”

“அதுக்குமா?” என்றார் தாவூது, மெல்ல.

சனிக்கிழமை வந்தது. உறவினரும் வந்தனர். முனீரா அளவுநாடாவுடன் வந்து தொட்டியின் நீளத்தை அளக்கத் தொடங்கினார்.

“நாடாவச் சுருட்டு, முனீரா! நாள் இன்னும் முடியல!”

“அதான் ஏற்கனவே சுருண்டு கெடக்கே, மதினி,” என்று முனீரா பவளத்தைக் காட்டினார். கூடம் சிரித்தது. ரபியா தொட்டியின் முன் கைகளை விரித்து நின்றார். பவளம் விரியாத குறையை அவரே தீர்ப்பதைப் போல.

நல்ல வேளையாக, அவர் அழைத்திருந்த நசீர் அப்போது நேரில் வந்து சேர்ந்தார். கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார். “நானா, அந்தப் பவளத்தக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க.”

தாவூது சட்டைக் கையைச் சுருட்டிக் கையை உள்ளே விட்டார். நீரின் மேல் வானவில் நிறத்தில் ஓர் எண்ணெய்ப் படலம் பரவியது. வெளியே நீட்டியிருந்த கடைசி விரலையும் பவளம் மடக்கிக்கொண்டது.

நசீர் அந்தக் கையை இழுத்து முகர்ந்தார். அவர் கண்களில் நீர் வந்தது.

“யா அல்லாஹ்! தைலக் கைய விட்டா பவளம் எப்படி விரியும்? எப்பலேருந்து தேய்க்கிறீங்க?”

“இந்தத் தொட்டியில கைய விட ஆரம்பிச்சதுலேருந்து. விட்டா வலிக்குது. வலிச்சா தேய்க்கிறேன். தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள இவ கூப்பிட்டுடுறா.”

ரபியாவின் முகம் வெற்றியால் ஒளிர்ந்தது. கூடத்தின் நடுவே வந்து நின்றார்.

“கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? என் பவளத்து மேலயும் தப்பு இல்ல, என் மேலயும் தப்பு இல்ல! பந்தயம் செல்லாது! நான் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள மசாஜ் நாற்காலி வராது!”

நசீர் கைக்குட்டையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“லாத்தா, அந்த நாற்காலிய முதல்லயே வாங்கிக் குடுத்திருந்தா, பவளம் என்னைக்கோ விரிஞ்சிருக்கும் லா.”