பெலிக்ஸ் சார் நிலக்கடலை காத்த படலம்

வாழ்க பெலிக்ஸ்! ஜெகதாப்பட்டினத்துக்கு அருகே ஒரு கரையோரப் பள்ளியில் ஆறாம் வகுப்பு அறிவியலைத் தனியொருவராய்த் தாங்கி நிற்கும் தகைமையாளர், சாக்பீஸே வாளாகவும் வருகைப்பதிவேடே கேடயமாகவும் ஏந்திய ஏறு, ஆவூர்ப் பக்கத்து உழவர் குடியில் உதித்தும் மண்வெட்டியைத் தொடாமலே பட்டம் பெற்றுவிட்ட படிப்பாளர், வாழ்க வாழ்க! கடற்காற்றே, ஐஸ் பிளாண்டின் ஓயாத இரைச்சலே, மதில்மேல் வீற்றிருக்கும் காகங்களே, ஒற்றைச் செடிக்காக அவர் பொருத பெரும்போரைப் பாட எமக்குத் தொண்டை தாருங்கள். தராவிட்டாலும் பாடத்தான் போகிறோம்.

போரை மூட்டியது ஒரு கேள்வி. உணவு எங்கிருந்து வருகிறது என்னும் பாடத்தை நடத்திய அன்று, நிலக்கடலை எங்கே காய்க்கும் என்று அவர் வினவ, வலையும் படகும் வாளைமீனும் அறிந்த அந்த வகுப்பு, "மரத்துல சார்!" என்று கூரை அதிர முழங்கியது. மண்ணுக்குள் காய்க்கும் என்றார். சிரித்தார்கள். விசைப்படகு ஓட்டியின் மகளும், வாதத்தில் வாத்தியாருக்கும் விட்டுக்கொடுக்காதவளுமான சுடர்விழி எழுந்து, "மண்ணுக்குள்ள நண்டுதான் சார் இருக்கும்" என்றாள். அப்பா விளைவித்த கடலையைத் தின்று வளர்ந்தவருக்கு அது சுருக்கென்று தைத்தது. "இதே மணலில், உங்கள் கண்முன்னே, நிலம் கிழித்து நிலக்கடலையை எடுத்துக் காட்டாவிட்டால் இந்த பெலிக்ஸ் இனி அறிவியல் வாத்தியார் அல்லன்!" என்று மேசையில் ஓங்கி அடித்துச் சூளுரைத்தார். கை வலித்தது, காட்டிக்கொள்ளவில்லை.

கைபம்புக்குப் பின்னே பாத்தி எழுந்தது. பிள்ளைக்கொரு விதையாக ஊன்றப்பட்டது. பச்சைப் படையொன்று மணலைக் கீறி அணிவகுத்தது. ஆனால் அந்தோ, பொழுதொரு செடியாக அப்படை வாடி வீழ்ந்தது! உப்புத் தண்ணீரையும் ஊர் ஆட்டையும் சந்தேகித்து, சைக்கிள் ஸ்டாண்டுக்கு அதே இடத்தைக் கேட்டிருந்த தலைமையாசிரியையையும் மனசுக்குள் சந்தேகித்து, ஒருநாள் காலை மணியடிக்கும் முன்பே வந்து தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார். கண்ட காட்சியில் உறைந்தார். அவருடைய வகுப்பே வரிசையில் நின்று, ஆளுக்கொரு செடியின் அடித்தண்டைப் பிடித்து, வேரோடு தூக்கி, கீழே எட்டிப் பார்த்து, மறுபடி குழியில் இறக்கி, அன்பாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

விசாரணையில் சுடர்விழி தயங்கவே இல்லை. "நண்டு வலை போட்டா மறுநா தூக்கிப் பாக்கணும்ல சார்? பாக்காமயே கெடந்தா, பட்டுருக்கா இல்லையான்னு எப்புடித் தெரியும்?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. போட்டதைத் தூக்கிப் பார்ப்பதுதான் அவர்கள் வீட்டுத் தொழில்.

எஞ்சியது ஒரே செடி. அதைச் சுற்றிக் கருவேல முள்ளால் கோட்டை எழுப்பினார் நம் கோமான். "அரையாண்டுப் பரீட்சை முடியும்வரை இச்செடியைத் தீண்டும் கை எதுவாயினும் அது பிராக்டிகல் மார்க்கை மறக்கக் கடவது!" என்று பிரகடனம் செய்தார். இடைவேளையெல்லாம் காவல், சோற்றுடப்பாவோடு அங்கேயே முகாம். பந்து கோட்டைக்குள் விழுந்தது, தாமே எடுத்து வீசினார். "ஹெச்.எம். ஒங்களக் கூப்புடுறாங்க சார்" என்று தூது வந்தது, அசையவில்லை. மஞ்சள் பூ பூத்தது. பூ உதிர்ந்த இடத்திலிருந்து விழுது கீழ்நோக்கி நீண்டு மணலைத் துளைத்து இறங்கியபோது வகுப்பே முள்வேலியைச் சுற்றிக் குந்தி எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து சுடர்விழியே வாளியில் தண்ணீர் சுமந்தாள்; கிட்டே போன சின்னப் பிள்ளைகளை அங்கிட்டு விரட்டினாள். பெலிக்ஸுக்குக் கண் கலங்கியதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

வெளிப்பகையை வென்ற வீரரை உட்பகை வளைத்தது. இது கடற்கரை மணல் ஆயிற்றே, உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால்? வகுப்பின் முன்னால் பிடுங்கி, வெறும் வேரைத் தூக்கிக் காட்டுவதா? சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. பரீட்சைக்கு முன்பே ஒரு விடியற்காலை, ஆளரவமற்ற பள்ளிக்குள் புகுந்து, முள்ளை விலக்கி, ஓரமாய் லேசாகக் கிளறிப் பார்க்கக் குனிந்த அந்த மாவீரரின் கை, அவருடைய அனுமதியின்றியே அடித்தண்டைப் பற்றியது. தூக்கிவிட்டார். விழுதுகளின் நுனி வெறுமையாக இருந்தது. இன்னும் காய் பிடிக்கவில்லை. பதறிப்போய்க் குழியில் இறக்கித் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், பின்னால் நிழல் கண்டு திரும்பினார்.

வாளியோடு சுடர்விழி நின்றாள். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. "இன்னுங் கொஞ்ச நாள் விட்டு வச்சிருக்கலாம் சார்" என்றாள்.

செடி வாடியது. சூளுரைத்த சிங்கம் கடைத்தெருவுக்கு நடந்து, ஓட்டோடு மணலில் வறுத்த கடலை ஒரு பெரிய பொட்டலம் வாங்கிவந்து வகுப்பின் முன் தலைகுனிந்து வைத்தது. வறுத்தபோது பட்ட மணல் ஓட்டில் ஒட்டியிருந்ததைக் கண்ட வகுப்போ, "ஆமா சார், மண்ணுக்குள்ளதான் இருந்துருக்கு!" என்று ஆர்ப்பரித்து அவருக்கு வெற்றிமாலை சூட்டியது. எல்லாரும் தின்றார்கள், சுடர்விழி மட்டும் தன் பங்கைத் தின்னாமல் உடைத்து, பாத்தியில் ஊன்றி, நீர் வார்த்து, முள்வேலியைத் திரும்ப நட்டு, "முழுப்பரீட்சை வரைக்கும் யாரும் தொடப்படாது! சார், ஒங்களுக்குந்தான்!" என்று திசையெட்டும் கேட்க ஆணையிட்டாள்.

வறுத்த கடலை முளைக்காது.