நெய் படாத இரண்டு இட்லி

சைவ ஹோட்டல் சர்வர்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது என்று சொன்னால் அது பச்சைப் பொய். பகை இருக்கிறது. நிறையவே இருக்கிறது. 'உயர்தர சைவ உணவகம்' என்று போர்டு மாட்டிவிட்டு, உள்ளே தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரு கரண்டி நெய்யோ தயிரோ விடுகிற முதலாளிகள்மேலும் இருக்கிறது. ஆனால் இங்கே நான் திட்டப்போகிறவர்களில் முதல் ஆள் வேறு. முப்பத்தொரு வயதில், முறுக்கிய மீசையும் தோளில் ஒரு பையுமாகத் திரிந்துகொண்டு, சொந்த அக்கா மகளின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்த ஒரு மடையன். அவன் பெயர் சண்முகம். என் பெயரும் அதுதான்.

அப்போது நான் ஈரோட்டில் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். பண்ணை பண்ணையாகப் போக வேண்டும். ஒரு பண்ணையில் கன்று செத்துப்போன மாட்டுக்கு முன்னால், அந்தக் கன்றின் தோலுக்குள்ளேயே வைக்கோலைத் திணித்துத் தைத்து நிறுத்தியிருந்தார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பாலை விட்டது. எங்கள் ஊரில் சின்ன வயதில் நூறு தடவை பார்த்த காட்சிதான். அன்றைக்கு என்னவோ ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அதோடு பால், தயிர், மோர், நெய் எல்லாம் நின்றது. கறி, மீன், முட்டையும் அதே வாரத்தில் போயிற்று. (வேலையை மட்டும் விடவில்லை. சம்பளம் வேண்டுமே!)

இப்போது இதற்கு 'வீகன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த அந்தக் காலத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தில் இதற்கு இருந்த ஒரே பெயர் வியாதி. "சுகரா?" என்பார்கள். "மஞ்சக்காமாலையா?" என்பார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் கிராமத்தில், மந்திரித்துக் கயிறு கட்டினால் சரியாகிவிடும் என்றே முடிவு செய்துவிட்டார்கள். டீக்கடையில் கடுங்காப்பி கேட்டால், "பாலு தீரல சார், இருக்கு" என்று ஆறுதல் சொல்லிப் பால் காப்பியைக் கையில் திணிப்பார்கள். உண்மையில் கறி ஹோட்டலில்தான் எனக்கு மரியாதை கிடைத்தது. வெறும் சோறும் ரசமும் போதும் என்றால், பாவம், இவனுக்கு என்ன கஷ்டமோ என்று இரண்டு கை கூடுதலாகவே போடுவார்கள். சைவ ஹோட்டலில்தான் சண்டை. நெய் வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் குலதெய்வத்தைத் திட்டிய மாதிரி பார்ப்பார்கள்.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா பூரணம் என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். அவள் மகள் வளர்மதி நான் இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளை. ஆசிரியர் பயிற்சி முடித்து சாயல்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும், கல்யாணத்துக்கப்புறம் வேலையை விட வேண்டும் என்று சொன்னதால் தட்டிப்போயின. மூன்றாவதாகத் திருவாடானைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம். "வேலைக்குப் போகட்டும், அதுக்கென்ன" என்று சொன்ன முதல் மாப்பிள்ளை இவன்தான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் பேச்சு முடிகிறவரை யாரும் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம். சாப்பிடாமல் எழுந்தால் சம்மதம் இல்லை. அதிலும் பெண்ணின் தாய்மாமன் சாப்பிட்டானா என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். ஏனென்றால் முறைப்படி அந்தப் பெண்ணை அவனே கட்டிக்கொள்ளலாம். அவன் கை நனைத்தால்தான், என் முறையை விட்டுக்கொடுத்தேன், நீங்கள் கூட்டிப்போகலாம் என்று அர்த்தம். நானோ தாய்மாமன், கல்யாணமும் ஆகாதவன். கேட்கவா வேண்டும்?

இரண்டு வீட்டாரும் ராமேஸ்வரத்தில் கூடுவது, தீர்த்தமாடிச் சாமி கும்பிடுவது, பிறகு ரத வீதியில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து பேசிக் கை நனைப்பது என்று ஏற்பாடு. முதல் நாள் சாயந்தரம் வளர்மதி என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இந்த இடம் எனக்குப் புடிச்சிருக்கு. உங்க பால் பிரசங்கத்த நாளைக்கு அங்கன வந்து அவுத்துவிட்றாதீக."

"நான் எதுக்குத் தாயி வாயத் தொறக்கப் போறேன்? ரெண்டு இட்லி, தேங்காச் சட்னி. தின்னுட்டு எந்திரிச்சிருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

இரண்டு இட்லி. ஒரு மனிதன் இதைவிடக் குறைவாக இந்த உலகத்திடம் எதைக் கேட்க முடியும்?

மறுநாள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, ஈரத் தலையோடு பதினோரு பேர் அந்த ஹோட்டலுக்குள் நுழைந்தபோது எனக்குக் கண் இருட்டியது. அவ்வளவு பசி. மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தக் கடைசியில். வளர்மதியின் அப்பாவான எங்கள் மச்சானும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேச்சு சுமுகமாகவே முடிந்தது. "அப்பச் சாப்பிடலாமே" என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். சர்வர் வந்தான்.

"பொங்கல், வடை, நெய் ரோஸ்ட், கேசரி."

"எனக்கு ரெண்டு இட்லி. நெய் வேணாம், பொடி வேணாம், சாம்பார் வேணாம். சட்னி போதும்."

"சாம்பார் ஏன் சார் வேணாம்? எறக்கும்போது ரெண்டு கரண்டி நெய் விடுவோம். அதான் நம்ம கடை ஸ்பெஷலு."

"அதனாலதான் வேணாம்."

"நெய் சைவம்தான சார்? கோயில்ல சாமியே பால்லதான் குளிக்கிறாரு."

சாமி குளிக்கிறார், குடிக்கவில்லையே என்று நாக்கு நுனிவரை வந்தது. சத்தியம் செய்திருந்ததால் விழுங்கினேன். (அன்றைக்கு அதுதான் என் முதல் ஆகாரம்.)

முதல் தட்டு வந்தது. இட்லியின் தலையில் நெய் மினுமினுத்தது. பழக்கத்தில் ஊற்றிவிட்டானாம். திருப்பி அனுப்பினேன். இரண்டாவது தட்டு வந்தது. அதில் ஓர் இட்லியின் ஓரத்தில் பெருவிரல் அளவு பள்ளம் இருந்தது. அந்தப் பள்ளத்தை நான் முதல் தட்டிலேயே பார்த்திருந்தேன். படுபாவி அதே இட்லியை உள்ளே கொண்டுபோய்த் துணியால் துடைத்து எடுத்து வந்திருக்கிறான்! எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "இது பழைய இட்லி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எதிரில் பெரியப்பா பொங்கலைப் பிசைந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயில் இன்னும் ஒரு பருக்கை வைக்கவில்லை. யாருமே வைக்கவில்லை. தாய்மாமனுக்காகக் காத்திருந்தார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை, எனக்கு என் இட்லிதான் பெரிது.

மூன்றாவது தட்டு வந்தது. வெள்ளை வெளேரென்று, ஆவி பறக்க, சொட்டு நெய் படாத இரண்டு இட்லி. ஜெயித்துவிட்டேன் என்று கையை வைக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு வளையல் கை நீண்டது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு சின்னத் தூக்குவாளியோடு நின்றிருந்தார்.

"தம்பிக்குக் கடை நெய்யி ஆகாது போல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இது எங்க வீட்டு மாட்டு நெய்யி, நேத்துத்தான் உருக்குனேன்" என்று சொல்லிக்கொண்டே கரண்டியைச் சாய்த்தார். நான் பதறிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டினேன். பாதி நெய் என் புறங்கையில், பாதி இட்லியில். "வேணாம்!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து மேசையில் இருந்த வடக்கத்தி யாத்திரிகர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியப்பா பொங்கலை விட்டுவிட்டுக் கையை உதறினார்.

"ஏம்ப்பா, நானும் வந்ததுலருந்து பாக்குறேன். தட்டு மேல தட்டாத் திருப்பி விடுறாரு. இப்பச் சம்பந்தி வீட்டு நெய்யையும் தட்டிவிடுறாரு. தாய்மாமன் கை நனைக்கலன்னா என்ன சங்கதின்னு ஊருக்கே தெரியும். முறை உள்ளவரு, இன்னும் கல்யாணம் ஆகாதவரு. பொண்ணு மேல மனசுல ஏதும் இருந்தா இப்பவே சொல்லிப்புடுங்க. தாலி கட்டுற நேரத்துல வந்து ரகள பண்ணக் கூடாது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நான் இடுப்புல தூக்கி வளத்த பிள்ளைய்யா அது!" என்று எழுந்து நின்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் மனிதன். நிறுத்தவில்லை. சாப்பிடாததற்குக் காரணம் பெண் இல்லை, நெய்தான் என்று நிரூபிக்கும் ஆவேசத்தில், ஈரோட்டுப் பண்ணையில் ஆரம்பித்து, கன்றின் தோலை உரித்து, வைக்கோலைத் திணித்து, ஊசி நூலால் தைத்து முடிக்கிறவரை ஒன்று விடாமல் விவரித்தேன். சாப்பாட்டு மேசையில். சம்பந்தம் பேசுகிற இடத்தில். பிறகு ஏதோ வக்கீல் மாதிரி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"நீங்களே சொல்லுங்க. உங்க வீட்ல வைக்கோல் கன்னுக்குட்டி கட்டியிருக்கீகளா, இல்லையா?"

அவர் தூக்குவாளியை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இன்னொரு தடவை அழுத்தி மூடினார்.

"ஒரே ஒரு தடவ கட்டுனோம் தம்பி. இவுக அப்பா செத்த வருசம். அந்த ஒரு மாட்டுப் பாலுதான் எங்களுக்குக் கஞ்சி. அந்த மாடு நக்குறப்ப நான் அந்தப் பக்கம் பாக்க மாட்டேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நின்ற நிலையிலேயே செத்தேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏலே, நீயெல்லாம் ஒரு தாய்மாமன்" என்றாள். பெரியப்பா துண்டை எடுத்து உதறினார், கிளம்புகிற உதறல். அப்போதுதான் அந்தக் கடைசியிலிருந்து வளர்மதியின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை.

"மாமா. தின்னுங்க."

உட்கார்ந்தேன். நெய் வழிந்த அந்த இட்லியைப் பிட்டு வாயில் போட்டேன். இரண்டு இட்லியையும் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. என் மேல்தான் எனக்கு ஆத்திரம். அந்த அம்மாவை அழவைத்த ஆத்திரம், பிடித்துவைத்திருந்த கொள்கையை ஒரு தட்டில் தொலைத்த ஆத்திரம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆத்திரம், அந்த இட்லி அவ்வளவு ருசியாக இருந்தது. பெரியப்பா, "அப்படிப் போடு!" என்று பொங்கலில் கை வைத்தார். பத்தே நிமிஷத்தில் ஆவணியில் முகூர்த்தம் என்று பேசி முடித்துவிட்டார்கள். சர்வர் வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல சார்" என்றான்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. வளர்மதி இன்றும் வேலைக்குப் போகிறாள். நான் மறுநாளே பழையபடி பாலை விட்டேன், ஆனால் எங்கள் வகையறாவில் அதை நம்ப ஆள் இல்லை. வளர்மதியின் மாமியார், தன் கை நெய்க்காக விரதத்தையே விட்ட மனுஷன் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தூக்குவாளி தவறாமல் வந்துவிடுகிறது. எந்த வீட்டில் சம்பந்தம் பேசினாலும், "மொதல்ல சம்முகத்துக்கு நெய்ய ஊத்துங்கப்பா, மிச்சத்தப் பெறகு பேசிக்கிருவோம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு வழி?

வளர்மதி மகனுக்குக் காது குத்திய அன்றும் அந்தக் கதை ஓடியது. பெரியப்பாவே எழுந்து நின்று, நான் கையைக் குறுக்கே நீட்டியதை நடித்துக் காட்டினார். பந்தி முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளையை மடியில் வைத்திருந்த வளர்மதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"எல்லாரும் மாமா தின்னாரா, தின்னாரான்னே சொல்றீகளே. அன்னைக்கு எனக்குன்னு யாருமே சர்வர்ட்ட எதும் சொல்லல. எனக்குத் தட்டே வரல. விடிகாலையில இருந்து பட்டினி. வீட்டுக்கு வந்துதான் பழைய சோத்தப் பிழிஞ்சு தின்னேன்."

அக்கா முகம் மாறிவிட்டது. "ஏன்டி, கேக்க வேண்டியதுதான?"

"யார்ட்டம்மா கேக்க? எல்லாரும் மாமா தட்டையில்ல பாத்துக்கிட்டு இருந்தீக."

அவள் கல்யாணம். அவளுக்குச் சம்மதமா என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை, பசிக்கிறதா என்றும் கேட்கவில்லை. பதினோரு பேரும் ஒரு மடையன் வாயைத் திறக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மடையன் இரண்டு தட்டைத் திருப்பி அனுப்பினான், அவளுக்கு ஒரு தட்டு வந்ததா என்று கடைசி மேசைப் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை காலம் நான் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்த அந்த சர்வராவது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டான்.

இப்போது அந்தக் கதையை யார் ஆரம்பித்தாலும் கடைசியில் வளர்மதிக்குத் தட்டு வராததையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள். அந்த இடம் வரும்போது நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவேன். மாமாவுக்கு நெய் வாசனை ஆகவில்லை என்று அதற்கும் ஒரு சிரிப்பு உள்ளேயிருந்து கேட்கும்.