இல்லாத புல்லைப் பற்றி ஒரு சொற்பொழிவு

மனப்பாடம் செய்த பேச்சை இடத்துக்கேற்ப மாற்றத் தெரியாதவன் ஒலிபெருக்கியைத் தொடக்கூடாது. ஆயுள் முழுதும் கல்லூரியில் பேசியே பிழைத்த எனக்கு, இது ஓய்வுபெற்ற பிறகுதான் விளங்கியது.

மனைவி மறைந்தபின், பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலுமாக இருக்க, மோகனூர்ப் பக்கத்து எங்கள் மேட்டுநிலமே (ஊர்ப் பேச்சில் 'காடு') எனக்குத் துணையாயிற்று. சீமைக்கருவேலை வேரோடு களைந்தேன். கொழுக்கட்டைப் புல் விதைத்தேன். வெள்வேல மரங்களை ஆங்காங்கே வளரவிட்டேன். புல்லும் இடையிடையே மரமுமாக இருப்பதே இவ்வறண்ட சீமையின் இயல்பான காடு என்பது என் கட்சி. (கேட்க ஆளில்லாததால் கௌதாரிகளிடம் சொல்லிவந்தேன்.) சில ஆண்டுகளில் புல் இடுப்பளவு நின்றது. அதைக் காணும் சாக்கிலாவது மனிதர் வரட்டும் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினரை விருந்துக்கு அழைத்தேன்.

பந்தல், சமையல் பொறுப்பை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் மைத்துனன் செங்கோடனிடம் ஒப்படைத்தேன். "இடம் லட்சணமாக இருக்கவேண்டும். என் பெயர் கெடக்கூடாது" என்று உத்தரவிட்டுவிட்டு, விருந்தில் புல்லைப் பற்றி ஆற்றவிருந்த பேச்சை மெருகேற்ற நாமக்கல் வீட்டிலேயே அமர்ந்துகொண்டேன்.

ஞாயிறு காலை போய் இறங்கினால், நிலம் முழுதும் பளிச்சென்று உழுது கிடந்தது. மருந்துக்கும் புல் இல்லை. மரங்களை மட்டும், நிழலில் பந்தி போடுவதற்காக விட்டுவைத்திருந்தான்.

"ரோட்டவேட்டர் உட்டு ரெண்டு ஓட்டு ஓட்டிட்டனுங்க மாமா. இப்பத்தான் காடு காடாட்டம் இருக்குது."

"அது நான் வளர்த்த புல், செங்கோடா."

"அக்கா போனதுல இருந்து மாமன் காட்டக்கூட உழாமப் போட்டுட்டாருன்னு ஊரே பேசுதுங்க. எனக்குப் பொறுக்கல."

எப்படித் திட்டுவது? நான் சொன்னபடி என் பெயரைத்தான் காப்பாற்றியிருந்தான்.

உறவினர் வந்து அமர்ந்துவிட்டனர். பேசாமல் விடுவது கௌரவக் குறைவு. பேசினேன். "இதோ, உங்கள் வலப்புறம் காற்றில் அலையலையாக அசையும் இப்புல்வெளியைப் பாருங்கள்" என்ற வரி வந்தது. அதையும் விடவில்லை. எல்லாரும் வலப்புறம் திரும்பினார்கள். செம்மண் அசையாமல் கிடந்தது.

"கண்ணாடிய ஊட்டுலயே உட்டுட்டு வந்துட்டன். எனக்கு ஒண்ணுந் தெரியலீங்க" என்றார் பெரியம்மா.

"போட்டுட்டு வந்த எனக்கே தெரியல, பேசாம இருங்கக்கா" என்றார் சின்னம்மா.

என் மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா போனபின் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். வெயில் தாழுமுன் எல்லாரும் கிளம்பிவிட்டனர். வாடகை நாற்காலிகளும் நானும் மிஞ்சினோம்.

இன்றும் எங்கள் உறவில் வழுக்கைத் தலையர் எவர் வந்தாலும் அவருக்கு 'மாமன் புல்வெளி' என்றே பெயர். (எனக்கும் அதுவே.) எப்போதாவது பேசும் மகள், இப்போது ஞாயிறு தவறாமல் அழைக்கிறாள். எடுத்ததும் சிரிப்பு. "ஏனுங்கப்பா, புல்லு மொளச்சுதுங்களா?" அதிலிருந்து தொடங்கி, சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா என்று நெடுநேரம் பேசுவாள்.

மண்ணுக்குள் வேர் சாகாமல் இருந்திருக்கிறது. அடுத்த மழையிலேயே தலைகாட்டிய புல், மறுபடி இடுப்பளவு நிற்கிறது. கௌதாரிகளும் திரும்பிவிட்டன.

நேற்றும் கேட்டாள். புல்லின் நடுவே நின்றுகொண்டு, "இன்னுமில்ல சாமி" என்றேன்.