கடன் எல்லைக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

மருதனார்மடம் சந்தியில் யமனுக்குப் பயப்படாத ஆக்கள் எத்தனையோ பேர். அஞ்சலியாருக்குப் பயப்படாத ஒரு ஆளை நான் கண்டதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. ஒருவரும் அதை வாசித்ததில்லை. மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி பனர், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவுமலர் என்று செத்தவீட்டுக்கு வேண்டிய எல்லாம் அச்சடிக்கிற கடை அது. ஆகவே மனிதர் அஞ்சலியார் ஆகிவிட்டார். அங்கே ஏழு வருஷம் கொம்பியூட்டரில் எழுத்துக் கோத்துப் பிழை பார்த்தவள் நான். இரண்டு பிள்ளைகளோடு தனியே நின்ற எனக்கு அந்தச் சம்பளம்தான் சோறு.

சனம் பயந்தது அவருடைய கமெராவுக்கு. "ஆள் போனாப் பிறகுதான் வீட்டுக்காரர் படம் தேடி அலுமாரியைக் கிண்டுவினம். கடைசியிலை அடையாள அட்டையிலை கள்ளன் மாதிரி முழிச்சுக்கொண்டிருக்கிற படத்தைக் கொண்டருவினம். ஏன் அந்த அந்தரம்? இப்பவே வடிவா ஒண்டு எடுத்து வைப்பம்" என்று போகிற வருகிற ஆக்களை மறிப்பார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரை இப்படித்தான் மறித்து, "கொஞ்சம் சிரியுங்கோ ஐயா, பேந்து சிரிக்கேலாது" என்றார். பாவம், அந்த மனிதர் ஒரு மாதம் சந்திப் பக்கமே வராமல் மரக்கறி வாங்கச் சுன்னாகம் போய்வந்தார்.

கோப்பாய்க் கிழவர் கதை இதைவிட மோசம். ஆசுப்பத்திரியில் ஆளுக்குக் கடுமை என்றதும் மருமகன் பறந்து வந்து அறிவித்தல் அடிக்கச் சொல்லிவிட்டார். அடித்து முடிய, ஆள் எழும்பிவிட்டார். அஞ்சலியார் விடுவாரா? அறிவித்தல் கட்டோடு வீட்டுக்கே போய், "இதுக்குக் காசு ஆர் தாறது?" என்று கேட்டார். கிழவர் கண்ணாடியைப் போட்டு ஆற அமர வாசித்தார். கடைசிப் பேரனின் பெயர் விடுபட்டுவிட்டதென்று சண்டை பிடித்தார். திருத்தி வைக்கச் சொல்லி முற்பணமும் கொடுத்தனுப்பினார். அந்தக் கிழவர் இன்றைக்கும் சைக்கிள் ஓடுகிறார்.

இப்படிப்பட்ட அஞ்சலியாரின் பெருமை முழுக்க ஒரு கடனட்டையில் இருந்தது. சட்டைப் பையில் விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்து வைத்திருப்பார். கட்ட வேண்டிய திகதிக்கு மூன்று நாள் முந்தியே கட்டிவிடுவார். அந்த ஒழுங்கைப் பார்த்து வங்கி மனேஜரே கூப்பிட்டு, இரண்டு தரம் லிமிற்றைக் கூட்டி, ஐந்து இலட்சத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார். "என்ரை பிள்ளை மாதிரி, அந்தத் தம்பிதான் வளர்த்து விட்டது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அட்டையைக் காட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை பனர் அடிக்கிற மெசினில் மை துப்புகிற ஹெட் செத்துப்போனது. அது இல்லாவிட்டால் கடை இல்லை. கொழும்பில் விசாரித்தால், ஒன்றே ஒன்றுதான் கைவசம் இருக்கிறதாம், நாலு இலட்சமாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் காசு வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். "காட் இருக்குப் பிள்ளை, ஏன் பயப்பிடுறாய்?" என்று சட்டைப் பையைத் தட்டினார் அஞ்சலியார்.

செவ்வாய் காலை அவருடைய போனுக்கு மெசேஜ் வந்தது.

"பிள்ளை, உதை ஒருக்கா வாசி."

வாசித்தேன். உடன் அமுலுக்கு வரும் வகையில் அவருடைய கடன் எல்லை ஐம்பதாயிரமாகக் குறைக்கப்பட்டிருக்கிறதாம். காரணம் ஒன்றும் இல்லை. நன்றி மட்டும் சொல்லியிருந்தார்கள்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு கேட்டார். "எப்ப நடந்தது?"

"இண்டைக்குக் காலமை, அண்ணை."

"காய்ச்சல், வருத்தம் ஏதும் இருந்ததோ?"

"இல்லை. திடீரெண்டுதான்."

அறிவித்தல் அடிக்க வருகிற செத்தவீட்டுக்காரரிடம் அவர் கேட்கிற அதே கேள்விகள்! சிரிப்பு வந்தது. ஆனால் மெசின் ஓடாத கடையில் எனக்கு என்ன வேலை?

வங்கிக்குப் போனார். கொழும்புத் தலைமைக் கந்தோரின் முடிவாம், மனேஜர் கையை விரித்துவிட்டார். திரும்பி வந்தவரிடம் நேரே கேட்டேன். "அப்ப நாளையிலை இருந்து நான் வரத் தேவையில்லையோ, அண்ணை?"

அவர் கொம்பியூட்டரைக் காட்டினார். "உதிலை இரு. ஒரு அறிவித்தல் அடி" என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"மரண அறிவித்தல். செல்வன் கடன் எல்லை. மருதனார்மடத்தைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட கடன் எல்லை (ஐந்து இலட்சம்) அவர்கள் செவ்வாய்க்கிழமை திடீரெனக் காலமானார். அன்னார் அஞ்சலியாரின் பாசமிகு மகனும், வங்கி முகாமையாளரின் அன்பு வளர்ப்பு மகனும், ஐம்பதாயிரத்தின் அருமைத் தமையனும் ஆவார். இறுதிக்கிரியைகள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வங்கியில் நடைபெறும். உற்றார், உறவினர், லிமிற் குறைந்தோர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்."

படம் வருகிற இடத்தில் அட்டையின் படம். இலக்கம் தெரியாமல் அதன்மேல் மூன்று விபூதிக் குறி.

சின்னப் பிறிண்டரில் அடித்து, வழக்கமாக ஒட்டுகிற லைற் கம்பங்களில் எல்லாம் ஒட்டினோம். எங்கடை சனம் எந்த விளம்பரத்தைக் கண்டாலும் நில்லாமல் போகும். மரண அறிவித்தல் என்றால் சைக்கிளில் இருந்தபடி ஒரு காலை ஊன்றி, கடைசி வரி வரை வாசித்துத்தான் போகும். பின்னேரமே கடைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "அண்ணை, எனக்கும் போன கிழமை செத்திட்டுது" என்றார் மருந்துக்கடைக்காரர். "என்ரை அரை உயிரோடை கிடக்குது" என்றார் ஒரு ரியூசன் மாஸ்டர்.

வெள்ளி காலை பத்து மணி. வெள்ளை வேட்டியோடும் வெள்ளைச் சேலையோடும் நாற்பது பேர் வங்கிக்குள் போனோம். ஒருவரும் நம்பர் துண்டு எடுக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. செத்தவீட்டில் இருக்கிறமாதிரி கதிரைகளில் பேசாமல் இருந்தோம். பிறகு ஒவ்வொருவராக எழும்பி, மனேஜரின் இரண்டு கையையும் பிடித்துத் துக்கம் விசாரித்தோம்.

"என்ன செய்யிறது தம்பி, மனதைத் தேற்றுங்கோ."

"வளர்த்த உங்களுக்குத்தானே கூடக் கவலை."

அந்த மனேஜரும் எங்கடை ஊர்ப் பிள்ளை. துக்கம் விசாரிக்கிற கையை உதறுவதற்கு அவருக்கு எப்படி மனம் வரும்? "ஐயா, இது வந்து..." என்று தொடங்குவார், அதற்குள் அடுத்த கை வந்துவிடும். இருபதாவது கையில் அவருக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. கடைசியாக வந்தவர் யார்? கோப்பாய்க் கிழவர்! மனேஜரின் தோளில் தட்டி, "சில நேரம் எழும்பும், தம்பி. நான் எழும்பினனான்" என்றார்.

அவ்வளவுதான். மனேஜர் கண்ணாடி அறைக்குள் ஓடிப்போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தார். பதற்றத்தில் கதவைச் சாத்த மறந்துவிட்டார். "சேர், இஞ்சை செத்தவீடு நடக்குது... ஓம் சேர், வங்கிக்குள்ளைதான்... ஆர் செத்ததோ? லிமிற், சேர்!... இல்லை சேர், நான் குடிக்கிறேல்லை. ஒரு தவணை பிந்தாத மனிசன் சேர். நாற்பது பேர் இருக்கினம், எழும்பமாட்டினம் போலை கிடக்கு."

இரண்டேகாலுக்கு அஞ்சலியாரின் போன் கிணுங்கியது. என்னிடம் நீட்டினார். வாசித்தேன். ஐந்து இலட்சம்!

"எழும்பிட்டுது!" என்று நான் போட்ட கூச்சலில் காவலாளி கூட ஓடி வந்து கைதட்டினார். மற்ற எல்லோருக்கும் மறுபரிசீலனைப் படிவம் கொடுத்து, மனேஜர் தானே பக்கத்தில் நின்று நிரப்பினார். இரண்டே முக்காலுக்குக் கொழும்புக்குக் காசு போய்ச் சேர்ந்தது. செத்தவீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டு வீடு திரும்பியது என் ஆயுளில் அன்றைக்குத்தான். வாசலில் அஞ்சலியார் கமெராவைத் தூக்கி, "தம்பி, கொஞ்சம் சிரியுங்கோ" என்றாரே பார்க்கலாம், மனேஜர் உள்ளே ஓடினவர் ஓடினவர்தான்.

புது ஹெட் பூட்டி மெசின் ஓடத் தொடங்கிய அன்று, மனதில் கிடந்த ஒரு குறையைக் கேட்டேவிட்டேன். "அண்ணை, சந்தியிலை எல்லாற்றை படமும் எடுத்து வைச்சிருக்கிறியள். ஏழு வருஷமா உங்களுக்கு முன்னாலை இருக்கிறன். என்ரை படம் மட்டும் ஏன் எடுக்கேல்லை?"

கமெராவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "உன்னை வீட்டை அனுப்ப மனமில்லாமல்தானே வேட்டியைக் கட்டிக்கொண்டு பாங்குக்குப் போனனான். உன்ரை அறிவித்தலை என்ரை கையாலை அடிப்பனோ? விசர்க் கதை கதையாமல் பிழையைப் பார்."

இப்போது கடையை நான்தான் நடத்துகிறேன். கண் மங்கிவிட்டதென்று கமெராவையும் என்னிடமே தந்துவிட்டார். சந்தியில் போகிற வருகிற எல்லோரையும் மறித்துப் படம் எடுக்கிறேன், என்னைக் கண்டும் சனம் ஒதுங்குகிறது. பின்னேரத்தில் அஞ்சலியார் தேத்தண்ணி குடிக்க வந்து, எனக்கு முன்னால் உள்ள கதிரையில் இருக்கிற நேரம் மட்டும் கமெராவை மூடி மேசை லாச்சிக்குள் வைத்துவிடுவேன்.