முன்வரிசை வேன்

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

நொலீன் அதை வெளியே இழுக்கவில்லை. இழுத்தால் ஓட்டை தெரியும். ஓட்டை தெரிந்தால் மெர்வினுக்குத் தெரியும்.

"என்ன, வேனைக் குத்திட்டியா?" வாசல் நாற்காலியிலிருந்து மெர்வின் கேட்டார். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவருக்கு மனைவியின் மௌனம்கூடக் காதில் விழும்.

"சின்னக் கொப்புளம். துருவுல பெயிண்ட் பட்டாணி அளவுக்கு உப்பியிருந்துது. சும்மா லேசாத் தொட்டேன்."

"தொட்டதுக்கே இப்படின்னா, வடக்கே போற வழியில ஒரு கங்காரு உரசினா என்ன ஆகும்? கப்பல்ல போலாம்னு சொன்னேன். கேட்டியா?"

தபால் நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே நொலீன் வாங்கிய வேன் அது. 1966-ஆம் வருஷத்துக் கோம்பி ரகம். உள்ளே கட்டில், அடுப்பு, மேலே தூக்கி நிறுத்தும் கூரை. யாம்பா ஊரில் வருஷா வருஷம் நடக்கும் கோம்பி ஊர்வலத்தில், இருப்பதிலேயே பழைய வேன் என்பதால் இந்தத் தடவை அதுதான் முன்னால் போகவேண்டும் என்று கோம்பிக்காரர்கள் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. கடிதம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டு, ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை படிக்கப்பட்டது. ஊர்வலம் முடிந்த கையோடு கடலோரமாக வடக்கே மூன்று மாதப் பயணம். வேன் ஊர்வலத்துக்குத் தேறாவிட்டால் கப்பல்தான் என்று மெர்வினோடு ஒப்பந்தம்.

ஊர்வலத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"நான் ஒரு தடவை பார்க்கலாமா?"

வேலிக்கு மேலே ஒரு நரைத்த தலை. நெற்றியில் சின்ன விளக்கு. மூன்று வாரத்துக்கு முன் டாஸ்மேனியாவிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஹேமிஷ். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலியைச் சுற்றி வந்து, மண்டியிட்டு, விளக்கைப் போட்டு, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் பிரகாசமானது.

"பயப்படாதீங்க அம்மணி. வெளியில பட்டாணி. உள்ளே பலாப்பழம்."

"ஐயையோ!"

"அழுகின பாகத்தை முழுசாக் குடைஞ்சு எடுத்துடணும். துளி விட்டு வெச்சாலும் அடியில ஓடிப் பரவும்."

"உங்களுக்கு இதுல பழக்கமா?"

"நாப்பத்தோரு வருஷம். குடையறதும் அடைக்கறதும்தான் எனக்கு வேலை."

நொலீனுக்கு அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. குலுக்கியே விட்டாள்.

அன்று பிற்பகலே ஆரம்பித்தார்கள். ஹேமிஷ் காட்டக் காட்ட நொலீன் கிரைண்டரைப் பிடித்தாள். பட்டாணி தேநீர்த் தட்டாயிற்று. தட்டு சாப்பாட்டுத் தட்டாயிற்று. "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... அதோ, நல்ல தகரம் தெரியுது பாருங்க!" என்று அவர் கூவியபோது, வேனின் கீழ்ப்பக்கத்துப் பட்டை நீளத்துக்கும் காணாமல் போயிருந்தது. இருவரும் கைதட்டிக்கொண்டார்கள். மெர்வின் உள்ளே போய்க் கப்பல் கம்பெனியின் புத்தகத்தை எடுத்துவந்து மடியில் விரித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பக்கக் கதவு மூடவில்லை. இரண்டு விரல் இடைவெளி விட்டு இளித்துக்கொண்டு நின்றது. வேன் நடுவில் தொய்ந்துவிட்டிருந்தது.

"இயற்கைதான். நடுவுல ஒண்ணை எடுத்துட்டா பக்கத்துல இருக்கறது சாயத்தான் செய்யும்" என்றார் ஹேமிஷ், கொஞ்சம்கூட அசராமல். "கம்பி போட்டு இழுத்துடலாம்."

இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கம்பி கட்டி, நடுவில் ஒரு முறுக்காணி வைத்தார். "தினம் கால் சுத்து. அதுக்கு மேல வேண்டாம்."

கால் சுற்று, மறுநாள் இன்னொரு கால் சுற்று. கதவு ஒரு நூல்கூட நகரவில்லை. புதன்கிழமை நொலீன் கடைக்குப் போன நேரத்தில் மெர்வின், 'நாமும் உதவி செய்வோமே' என்று நல்லெண்ணத்தில், ஆறு முழுச் சுற்று சுற்றிவிட்டார். கதவுப் பக்கம் கச்சிதமாக நிமிர்ந்தது. எதிர்ப்பக்கம், 'டொங்' என்ற சத்தத்தோடு, பொன்னுக்கு வீங்கி வந்தவன் கன்னம் மாதிரி புடைத்துக்கொண்டது.

ஹேமிஷ் முதல் தடவையாக வெளிறிப்போனார். "யார் இது? ஒரே நாள்ல ஆறு சுத்தா? இது ரெண்டு வருஷ வேலை அம்மணி!"

"ரெண்டு வருஷமா? ஊர்வலம் ஞாயித்துக்கிழமை!"

"சரி, சரி. பதட்டம் வேண்டாம். வாயால மூச்சு விடாதீங்க, மூக்கால விடுங்க."

மூக்கால் மூச்சுவிட்டபடி நொலீன் புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் செய்தாள். வீக்கத்தைத் தட்ட முடியவில்லை. ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் எழுந்தது. வெள்ளிக்கிழமை பட்டி பூசும் வேலை. ஹேமிஷ் ஒரு கண்ணாடித் துண்டில், நகத்தளவு கரண்டியால், துளித்துளியாகப் பட்டியைக் குழைத்த அழகை நொலீன் வாய்பிளந்து பார்த்தாள். கதவோரத்தில் பூசி, வழித்து, நடுவில் ஒரு நீலத் தாளைச் செருகினார்.

"மெல்ல மூடுங்க. திறங்க. மறுபடி மூடுங்க. எங்கயாவது இடிக்குதா?"

"இல்லையே!"

"மெர்வின், நீங்க உள்ளே போய்க் கதவை அழுத்திப் பிடிங்க. சட்டுனு இறுகிடும்."

சட்டென்றே இறுகியது. கதவும் சட்டமும் பட்டியும் ஒன்றுக்குள் ஒன்றாகிவிட்டன. மெர்வின் உள்ளே. முன்னிருக்கைக்குப் போகும் வழியில் கட்டில் பலகை ஆணியடித்துக் கிடந்தது.

"நொலீன்! கதவு வரல!"

"தள்ளுங்க!"

"தள்ளாதீங்க! பூச்சு பெயர்ந்துடும்!" ஹேமிஷ் அலறினார்.

கடைசியில் மேல்கூரை எழும்பியது. அதன் அடியிலிருந்து மெர்வின் தலை வந்தது. அவர் அக்கம்பக்கத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நொலீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடேயப்பா, இங்கேருந்து பார்த்தா கடல் பிரமாதமாத் தெரியுது! நொலீன், மேல வாயேன்."

அந்த நிமிஷத்தோடு கப்பல் மூழ்கியது. அடுத்த நாள் உப்புத்தாள் தேய்த்தவர்களில் மெர்வினும் ஒருவர்.

முழு வேனுக்கும் பெயிண்ட் அடிக்க நேரம் இல்லை. "ஜனங்க முன்பக்கத்தைத்தான் பார்ப்பாங்க. முன்வரிசை பளிச்சுன்னு இருந்தா மத்ததெல்லாம் தானா மறந்துபோகும்" என்று ஹேமிஷ் தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை அந்தி வரை அவர் சின்னஞ்சிறு பிரஷ்ஷால் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தேய்த்து, வேனின் முகத்தை முத்துப் போல வெளுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறுபத்து மூன்று வேன்கள் ஆற்றங்கரைச் சாலையில் வரிசை கட்டின. முன்னால் நொலீன். பக்கத்தில் ஹேமிஷ். பின்னால், வீங்கின பக்கத்தை உள்ளேயிருந்து தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, கூரைத் திறப்பு வழியாக ஊரைப் பார்த்துக் கையாட்டியபடி மெர்வின். மக்கள் கூவினார்கள். யாரோ டிரம்பெட் ஊதினார்கள். நொலீனுக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. கலங்கரை விளக்கம் வரை ஒரு பொருக்கு பட்டிகூட உதிரவில்லை.

புல்வெளியில் நிறுத்தியதும் சங்கத் தலைவர் ராட்ரிக் ஓடிவந்தார். கதவோரத்தில் விரலை வைத்து நீளத்துக்கும் தடவிப் பார்த்தார்.

"என்னம்மா இது! மயிரிழை இடைவெளி இல்லையே! கதவு எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலையே!"

'தெரியாது, எங்களுக்கே தெரியாது' என்று நொலீன் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"யார் கைவேலை?"

"இவர்தான். ஹேமிஷ்."

அவ்வளவுதான். கோம்பிக்காரர்கள் மொய்த்துவிட்டார்கள். "என் வேனைக் கொஞ்சம் பாருங்க சார்", "எனக்குச் சக்கரத்துக்கு மேல ஓட்டை", "நான் முதல்ல வந்தேன்!" ஹேமிஷ் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வேனாகக் குனிந்தார். "நல்லா அகலமாத் திறங்க... ம்ம்... ரொம்ப நாளாக் கவனிக்காம விட்டுட்டீங்க." வரிசை ஐஸ்கிரீம் கடை வரை நீண்டது.

ஹேமிஷின் மனைவி ஓடெட் தேநீர்க் குடுவையோடு வந்து நொலீன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா வேலையில்லாம மூலையில உட்கார்ந்திருந்த மனுஷன். இன்னிக்கு முகத்தைப் பாருங்களேன்!"

"அவர் இல்லைன்னா நான் இந்நேரம் கப்பல்ல இருப்பேன்" என்றாள் நொலீன், கண் கலங்க. "நாப்பத்தோரு வருஷத்துல எத்தனை நூறு வேனைச் சரி பண்ணியிருப்பாரோ!"

ஓடெட் தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"வேனா? அவர் பல் டாக்டர்மா!"