அப்பாவின் துண்டை நகர்த்தியவள் எழுதுவது

சேசு மரி சூசை துணை

27-1-1975

பெரம்பூரில் ரயில்வே பட்டறையில் பெரிய வேலை பார்க்கும் ஏசுதாஸ் பெரியப்பா அவர்களுக்கு, தங்கள் தம்பி தபால்காரர் பெரியநாயகத்தின் ஒரே மகளும், எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு மட்டும் கைவிட்டதால் வீட்டோடு இருப்பவளும், போன ஈஸ்டருக்கு நீங்கள் தூங்கும்போது உங்கள் மூக்குக்கண்ணாடிக்கு மை பூசியவளுமாகிய கிளாரா முழங்காலில் நின்று எழுதிக்கொள்வது. முழங்காலில் என்பது மரியாதைக்காக எழுதியது. நிஜத்தில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

இவ்விடம் அம்மா சுகம், ஆடு சுகம், அது போட்ட இரண்டு குட்டிகளும் சுகம். சைக்கிள்கூட சுகம்தான், பத்து நாளாக ஸ்டாண்டு போட்டு நிற்பதற்கு என்ன கேடு. சுகமில்லாதது அப்பா ஒருவர்தான். அதற்குப் பாதிக் காரணம் அவர் கண், மீதிக் காரணம் நான். அவருக்குக் கண்ணில் புரை, எனக்குப் புத்தியில் குறை. தபால்காரர் வீட்டில் தப்பு விலாசத்தில் வந்து பிறந்துவிட்டேன் பெரியப்பா. முழுவதும் படித்துவிட்டுத் திட்டவும், நடுவில் நிறுத்தித் திட்ட வேண்டாம்.

போன ஐப்பசியிலிருந்தே அப்பாவுக்குக் கண் மங்கியிருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. முப்பது வருஷமாகத் தபால் கொடுத்த ஊர், கண்ணை மூடிக்கொண்டு போனாலும் வழி தெரியும் என்று நினைத்துவிட்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு, மண்டை பிளக்கிற வெயிலில் நின்றுகொண்டு, "இந்த வருசம் பனி ஜாஸ்தி, இன்னும் வெலகல பாரு" என்பார். அம்மா, "ஆமா, உனக்கு மட்டும் தனியா பனி பேயுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். சைக்கிளில் ஏறினால் மணியை விடாமல் அடிப்பார், ஒதுங்க வேண்டியது ஊர்தான், அவர் இல்லை. பனைமர நிழல் ரோட்டின் குறுக்கே விழுந்திருந்தால் பள்ளம் என்று இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், நிஜப் பள்ளத்துக்கு மட்டும் இறங்க மாட்டார், சைக்கிளோடு சேர்ந்தே இறங்கிவிடுவார். சுங்குவார்சத்திரம் ரோட்டில் புளியமரங்களுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடிக்கிற ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் கெட்டியா அடிப்பா, மரத்துக்கு நல்லது" என்று சொன்னதை நானே கேட்டேன். ஒருநாள் நான் கேரியரில் உட்கார்ந்திருக்க, பண்ணைக்காரர் கோதண்டராமனின் வேர்க்கடலைக் கொல்லையில் நிற்கிற வைக்கோல் பொம்மைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தி, "இன்னாண்ணே, கடல புடுங்கியாச்சா?" என்று கேட்டார். பொம்மை விரித்த கையை விரித்தபடியே நின்றது. "கோவமா கீறாரு போல" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு மிதித்தார். நான் விழுந்து விழுந்து, அதில் ஒரு தடவை கேரியரிலிருந்து நிஜமாகவே விழுந்து, சிரித்தேன். அப்பா வேடிக்கை காட்டுகிறார் என்றே நினைத்தேன் பெரியப்பா. நம் குடும்பத்தில் சொத்து இல்லாவிட்டாலும் வேடிக்கை உண்டே. ஊரெல்லாம் போய்ச் சொன்னேன், ஊரெல்லாம் சிரித்தது, அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்றும் இப்போதுதான் புரிகிறது. எங்கள் திண்ணைதானே ஊர்த் தபாலாபீஸ், தினமும் காலையில் தபால் பை வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "விலாசத்த உரக்கப் படி, உனக்கு இங்கிலீஷ் பழகும்" என்பார். நான் படிக்கப் படிக்க அவர் வாங்கித் தெரு வரிசைப்படி அடுக்குவார். மேலே இருப்பது மாரி கடைக்கு, அடுத்தது கோவில் வீட்டுக்கு என்று மனசிலேயே எழுதிக்கொள்வார். வீதியில் போகும்போது பார்க்காமலே மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். என் இங்கிலீஷ் மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் அலட்டிக்கொண்டேன். அக்கறை அவருக்கு என் கண் மேல் என்று எனக்கு எப்படித் தெரியும்? டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் குவிந்த சமயம், "முப்பது வருசத்துல ஒரு கடுதாசி கை மாறினது கெடையாது" என்று அம்மாவிடம் பெருமை அடித்தார். பெருமை அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும், நீங்களே அனுபவப்பட்டவர். அடுக்கி வைத்ததில் இரண்டு கார்டுகளை மேல் கீழாக மாற்றி வைத்தேன். பாதி வழியில் கண்டுபிடித்துத் திரும்பி வந்து காதைத் திருகுவார் என்றுதான் செய்தேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. எருமை வைத்திருக்கிற பாப்பம்மாள் ஆயாவுக்கு மாட்டு வியாபாரி போட்ட கார்டு கோதண்டராமன் வீட்டுக்குப் போய்விட்டது. அவரோ மகனுக்குப் பெண் பார்த்துவிட்டுப் பதிலுக்காக வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர். கார்டில், "நேரில் வந்து பார்த்தோம். நடை சரியில்லை. பல்லும் கொட்டியிருக்கிறது. வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். எங்களுக்கு வேண்டாம்" என்று எழுதியிருந்தது. திருப்பி விலாசத்தைப் பார்க்க அவருக்குப் பொறுமை ஏது? "யோவ் தபாலு! எம் புள்ளைக்கா பல்லு கொட்டிகீது?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். பிறகு விஷயம் தெரிந்ததும் இன்னும் கோபம் அதிகமாகி மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதினார். அந்தப் புகாரை அப்பாதான் வாங்கி, முத்திரை குத்தி, பையில் போட்டு அனுப்பினார். யாருடையது என்று கேட்டார், நான்தான் படித்துச் சொன்னேன்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் நடந்ததுதான் பெரிய விபத்து. தினமும் பகலில் அப்பா ஏரிக்கரையில் சைக்கிளை நிறுத்தி, காக்கியை மடித்து வைத்து, ஹேண்டில்பாரில் வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டு மதகுக் கல் வரைக்கும் நீந்திப் போய்த் திரும்புவார், உங்களுக்குத் தெரியும். சின்ன வயதில் நீங்கள் பாதியில் திரும்பிவிடுவீர்களாம், அதையும் சொல்லியிருக்கிறார். நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய்க் கரையில் உட்கார்ந்திருப்பேன். கூட என் சிநேகிதி பாஞ்சாலி இருப்பாள், அவளும் கணக்கில் போனவள்தான். அப்பா தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நேரே சைக்கிள் இருக்கும் இடத்துக்கே வந்து ஏறுவார், ஒரு முழம் இப்படி அப்படி ஆகாது. அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்துத்தான் வருகிறார் என்று பாஞ்சாலி சொன்னாள். "நவுத்திப் பாப்பமா?" என்று நான் சொன்னேன். சைக்கிளையும் துண்டையும் கருவேலம் புதருக்கு அந்தப் பக்கம், பாப்பம்மாள் ஆயாவின் எருமை கட்டியிருந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டோம். அந்த நேரம் பார்த்து, சலவை வேட்டி, சலவைச் சட்டை, குடை சகிதம் ஒருவர் வந்து, "போஸ்ட்மேன் எங்கம்மா?" என்று கேட்டார். "இதோ வந்துகினே கீறார்" என்று ஏரியைக் காட்டிவிட்டு நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அப்பா வந்தார். கரை ஏறினார். இடுப்பில் கோவணம், உடம்பெல்லாம் பாசி. நேரே அந்த மனிதரிடம் போய், வேட்டித் தலைப்பைப் பிடித்து முகத்தைத் துடைத்து, தலையைத் துவட்டி, "இன்னாடி இது, துண்டு இன்னிக்கு கஞ்சி போட்டாப்புல வெறப்பா கீது?" என்று கேட்டார்.

"ஐயா, நான் பாண்டுரங்கன். மெயில் ஓவர்சியர். புகார் விசாரிக்க வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் குதித்து வேட்டியைப் பிழிய ஆரம்பித்தார். அப்பா இரண்டடி தள்ளி நின்று, காலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, பாப்பம்மாள் ஆயாவின் எருமைக்கு ஒரு சலாம் வைத்து, "வணக்கம் சார்" என்றார்.

நான் சிரித்தேன் பெரியப்பா. வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பாஞ்சாலி என் கையைக் கிள்ளிய பிறகுதான் பார்த்தேன், ஓவர்சியர் சிரிக்கவில்லை. அவர் அப்பாவின் முகத்துக்கு முன்னால் கையை மெதுவாக அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இன்னும் எருமைக்கே சலாம் வைத்துக்கொண்டிருந்தார்.

நல்ல மனிதர், கத்தவில்லை. "கண்ணு எத்தினி நாளா இப்படி?" என்று கேட்டுவிட்டு, பதினைந்து நாளுக்குள் கண் டாக்டரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் லீவு தருவதாகவும், வராவிட்டால் பையை ஒப்படைக்க வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கெடு சனிக்கிழமையோடு முடிகிறது. அப்பாவோ அன்றைக்கு வைத்த சைக்கிளைத் தொடவில்லை. தபாலை நடந்தே கொடுக்கிறார். ஏரிப் பக்கம் திரும்புவதில்லை. ஆஸ்பத்திரி என்றால், "ஒரு மாசம் தலையில தண்ணி படக் கூடாதாமே, ஏரி இல்லாத ஒரு மாசம் எனுக்கு எதுக்கு" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார். அம்மா அழுது பார்த்தாள், சாமியாரைக் கூட்டி வந்து பார்த்தாள். என்னை மட்டும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் தேவலை. துண்டை நகர்த்தினது நான்தான் என்று அவருக்குத் தெரியாது, சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாய் என்னிடம் இருப்பதிலேயே பெரிய உறுப்பு என்று நீங்கள் சொல்வீர்கள், அதற்கே இந்த கதி.

ஆகவே பெரியப்பா, நீங்கள் இந்தக் கடிதம் கண்ட உடனே கிளம்பி வந்து அப்பாவை எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். நீங்கள் இரண்டு கண்ணும் ஆபரேஷன் செய்துகொண்டவர். உங்களைச் 'சோடாபுட்டி பெரியப்பா' என்று ஊரெல்லாம் சொன்னதும் நான்தான், அதையும் இதோடு சேர்த்து மன்னித்துவிடவும். துண்டு விஷயத்தை மட்டும் அப்பாவிடம் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை நம் ஊர்த் தபால்பெட்டியிலேயே போடப் போகிறேன். பெட்டியைத் திறப்பவரால் விலாசத்தைப் படிக்க முடியாது என்பதுதான் எனக்குப் பாதுகாப்பு. இந்த வரியை எழுதும்போது கை கூசுகிறது.

பெரியம்மாவுக்கும் அண்ணன்மார்களுக்கும் என் தோத்திரம். மாதா உங்கள் கண்ணாடியையும் அதற்குப் பின்னால் இருக்கும் கண்களையும் காப்பாற்றுவாளாக.

இப்படிக்கு,
திருந்திக்கொண்டிருக்கும்
கிளாரா

பின்குறிப்பு, 28-1-1975: மேலே உள்ளதில் பாதியை அடித்துவிட்டுப் படிக்கவும்.

இன்று காலை அப்பா பெட்டியைத் திறந்து கொண்டுவந்து, வழக்கம்போல ஒவ்வொன்றாக நீட்டினார். என் கவர் என் கைக்கே வந்தது. "இது யாருதும்மா?"

"பாப்பம்மாள் ஆயா வூட்டுதுப்பா. மாட்டு யாவாரிக்கு."

"மாட்டு யாவாரிக்கு இம்மாம் தடியாவா?" என்று வாங்கி விரலால் தடவினார். "ஒட்டின எடத்துல சோத்துப் பருக்க நெருடுது. இந்த ஊர்ல பசைக்கு பதிலா சோத்த வெச்சி ஒட்டறவ ஒருத்திதான். பிரி."

"பொட்டியில போட்டத பிரிக்கக் கூடாதுன்னு நீதானேப்பா சொல்வ?"

"நான்தான் பிரிக்கக் கூடாது. எழுதினவ பிரிக்கலாம். படி."

படித்தேன் பெரியப்பா, எல்லாவற்றையும். நடுவில் நாலு வரியை முழுங்கப் பார்த்தேன், "இன்னா, வண்டி குதிக்குது?" என்று பிடித்துவிட்டார். கார்டு மாற்றினதற்கு மட்டும் காதைத் திருகினார், அது சர்க்கார் சொத்தாம். துண்டு வந்ததும் சிரித்துவிட்டார்.

"துண்டா? துண்டு என் கண்ணுக்குத் தெரிஞ்சி மூணு மாசம் ஆச்சுடி. நீயும் பாஞ்சாலியும் கரையில ஒக்காந்துகினு கெக்கேபிக்கேன்னு சிரிப்பீங்க பாரு, அதுதான் எனுக்குக் கரை. அன்னிக்கு எருமகிட்ட சிரிச்ச, எருமகிட்ட வந்து ஏறினேன்."

"அப்போ பத்து நாளா ஏம்ப்பா ஏரிக்குப் போவல?"

"நீதான் சிரிக்கறத வுட்டுட்டியே. வூட்டுல ஒரு சத்தம் கெடையாது. நான் எங்க வந்து ஏறுவேன்?"

எனவே நீங்கள் வர வேண்டாம், நாங்களே நாளைக் காலை பஸ்ஸில் வருகிறோம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நாங்கள் வந்துவிடுவோம். பிறகு எதற்கு அனுப்புவது என்று கேட்டேன். ஸ்டாம்பு ஒட்டினது போய்ச் சேர வேண்டுமாம், முப்பது வருஷப் பழக்கமாம். மறுபடியும் சோறு வைத்து ஒட்டுகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை ஏரி. சைக்கிளில் அவர் மிதிக்க, நான் கேரியரிலிருந்து பள்ளம், நிழல், எருமை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். இறங்கிவிட்டார். மதகுக் கல்லைத் தொட்டுவிட்டு, அங்கிருந்தே, "கிளாரா, சிரி!" என்று குரல் கொடுத்தார். கோவில் பூசையில் சிரித்து முட்டி போட்டவள் நான், அமாவாசைக்கும் சிரிப்பேன், அடுப்புக்கும் சிரிப்பேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை பெரியப்பா. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது, அதுவும் கெக்கேபிக்கே என்றே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அப்பா ஒரு முழம்கூடப் பிசகாமல் என் காலடியில் வந்து ஏறினார்.

துண்டு கொண்டுபோக மறந்துவிட்டேன். என் தாவணித் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது வெறப்பா இல்ல" என்றார்.